மடிப்புக் கலையாமல்

மடக்கு சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தியவரின் கைத்திறனை வண்டியை மடக்கிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். முன்சக்கரம் பழையபடி பின்சக்கரத்தின் அருகே வந்து ஒட்ட வேண்டும். ஹேண்டில்பார் தண்டு சரிந்து படிய வேண்டும். எந்த ஒயரும் விறைத்து நிற்கக் கூடாது, தூக்கும் கைக்குக் கனம் ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. 250 வாட் மோட்டாரைச் சாதாரண சைக்கிளில் ஒரே பிற்பகலில் மாட்டிவிடலாம். மடிப்புக் கலையாமல் மாட்டுவதற்கு வேறு பொறுமையும் வேறு கண்ணும் வேண்டும்.

அப்படி ஒரு வண்டி ஓட ஏற்ற நிலம் எது என்று கேட்டால் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைச் சொல்லலாம், குறிப்பாகக் கல்லிடைக்குறிச்சியை. ஊர் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயில் பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் வழியாக இங்கே வருகிறது. அந்தப் பாதையில் வேலைக்குப் போய்வருபவருக்கு ரயில் பயணம் சுலபம். வீட்டிலிருந்து நிலையம் வரை, அந்தப் பக்கம் இறங்கியபின் வேலையிடம் வரை என இரண்டு முனைகளிலும் மிஞ்சும் சில கிலோமீட்டர்தான் பாடு. மடக்கு சைக்கிள் அந்த இரண்டு முனைகளுக்கும் உரியது. கன்னடியன் கால்வாயும் வயல்களும் சேர்ந்த தாழ்நிலம் என்பதால் மேடு பள்ளம் குறைவு. ஆனால் காற்று உண்டு. ஆனியும் ஆடியும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வீசும் பருவக்காற்றுக்கு எதிராக மேற்கு நோக்கி மிதிப்பது சமவெளியிலேயே மலை ஏறுவதற்குச் சமம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்று இல்லாத நாளில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறக்குறைய 85 வாட் போதும். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவரும் இந்த அளவைச் சற்று நேரம் தாங்குவார். அதே வேகத்தில் காற்று எதிரே வீசினால் தேவை 220 வாட்டை நெருங்கிவிடும். வேகம் கூடவில்லை, சாலை ஏறவில்லை, உழைப்பு மட்டும் இரண்டரை மடங்கு. இந்த இடைவெளியை நிரப்புவதே மோட்டாரின் வேலை. அதற்கு 250 வாட் போதுமானது. அதற்கு மேல் கேட்பவர் சைக்கிளைக் கேட்கவில்லை, ஸ்கூட்டரைக் கேட்கிறார்.

சைக்கிளை மடக்குவதும் அதில் மின்சாரம் ஏற்றுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த எண்ணங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மோட்டாரை அடக்கிய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் பிரெஞ்சு ராணுவம் மடக்கு சைக்கிளைச் சோதித்துப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் நடுவில் மடங்கும் சைக்கிள்களைச் செய்தது. அந்த மூன்றெழுத்துப் பெயர் பிறகு சென்னைக்கு வந்தது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் பி.எஸ்.ஏ. பெயரில் விற்ற வண்டிகளில் ‘ஃபோல்டுமேன்’ என்ற மடக்கு சைக்கிளும் ஒன்று. இன்று உலகெங்கும் ஓடும் மடக்கு சைக்கிள்களின் வடிவத்தை நிலைநிறுத்தியவை இரண்டு. ஒன்று, லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கிய பிராம்ப்டன். மற்றது, லேசர் ஆய்வாளராக இருந்த டேவிட் ஹான் 1982இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டாஹோன். நடுக்கீலில் இரண்டாக மடங்கும் 20 அங்குல வண்டிகள் பெரும்பாலும் டாஹோன் வழி வந்தவை. நம் ஊரில் கைக்குக் கிடைப்பவையும் இவைதான்.

சின்னச் சக்கரத்தைக் குறையாக நினைப்பவர் பலர். பள்ளத்தில் குதிக்கும், மிதித்தால் தூரம் போகாது என்பார்கள். முதல் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. இரண்டாவது, பல்சக்கர அளவைச் சரியாக வைத்தால் மறைந்துவிடும். ஆனால் ஹப் மோட்டாருக்கு இந்தச் சின்னச் சக்கரம் பெரிய வரம். பழைய 28 அங்குல வண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். 20 அங்குலச் சக்கரம் 1.5 மீட்டர்தான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குப் பெரிய சக்கரம் நிமிடத்துக்கு 190 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் போதும், சின்னது 270க்கு மேல் சுற்ற வேண்டும். மோட்டார்கள் வேகமாகச் சுற்றும்போதுதான் வாங்கிய மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் அசைவாக மாற்றுகின்றன. மேலும், மோட்டார் தரும் முறுக்குவிசை ஒன்றேதான் என்றாலும், ஆரம் குறைந்த சக்கரத்தில் அது தரையைத் தள்ளும் விசை கூடுகிறது. 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு 26 அங்குலச் சக்கரத்தில் 90 நியூட்டன் அளவுக்குத் தள்ளினால், 20 அங்குலத்தில் 120 நியூட்டனைத் தாண்டும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இந்த வேறுபாடு காலில் தெரியும்.

இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான மோட்டார்களுக்கு உள்ளே செப்புக்கம்பிச் சுற்று வேறுபடும். பெரிய சக்கரத்துக்காக நிமிடத்துக்கு 200 சுற்று என்று சுற்றப்பட்ட மோட்டாரை 20 அங்குல ரிம்மில் கோத்தால் வண்டி 18 கிலோமீட்டரிலேயே அடங்கிவிடும். வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. சுற்று எவ்வளவு, எந்த அளவுச் சக்கரத்துக்கானது என்பதையும் கேட்க வேண்டும்.

மோட்டார் வகையில் தயங்க வேண்டியதில்லை. பல்சக்கரங்கள் இல்லாத நேரடி ஹப் மோட்டார் உறுதியானது, ஆனால் ஐந்தாறு கிலோ இருக்கும். தூக்கிச் செல்லும் வண்டிக்கு அது ஆகாது. உள்ளே நைலான் பல்சக்கரங்கள் கொண்ட சிறிய ஹப் மோட்டார் 2 கிலோ அளவில் அடங்கும். அதனுள் சுழலி, சக்கரத்தைப் போல நான்கைந்து மடங்கு வேகத்தில் சுற்றும். ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் மின்சாரத்தை நிறுத்தினால் சக்கரம் தடையின்றி உருளும். பேட்டரி தீர்ந்தாலும் வண்டி சைக்கிளாகவே இருக்கும். இந்தக் கைவேலையில் ரசிக்க வேண்டிய முதல் குணம் அதுதான்.

முன்சக்கரமா பின்சக்கரமா என்ற கேள்விக்குப் பின்சக்கரமே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். எடை அங்கேதான் விழுகிறது, சறுக்காது. மடக்கு சைக்கிளில் நிலைமை வேறு. பின்பக்கத்தில் செயின், ஃப்ரீவீல், கியர் எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன. மோட்டார் அங்கே போனால் அத்தனையையும் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தில் வேலை சுத்தமாக முடியும். ஆனால் அளவு பார்க்க வேண்டும். சாதாரண சைக்கிளின் முன்ஃபோர்க்கில் ஹப் உட்காரும் அகலம் 100 மில்லிமீட்டர். பிராம்ப்டனிலும் பல டாஹோன் வண்டிகளிலும் அது 74தான். 100 மில்லிமீட்டர் மோட்டாரை வாங்கி ஃபோர்க்கை நெம்பி விரிப்பது உயிரோடு விளையாடுவது.

ஃபோர்க் இரும்பா அலுமினியமா என்பதும் முக்கியம். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அதன் ஆக்சில் அதே பலத்தோடு எதிர்த்திசையில் திருகிக்கொள்ளப் பார்க்கும். 40 நியூட்டன் மீட்டர் முறுக்கை 10 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆக்சில் தட்டைமுகம் தாங்குகிறது என்றால் அந்த விளிம்பில் விழும் விசை 4,000 நியூட்டன், அதாவது 400 கிலோ பாரம் அழுத்துவது போன்றது. இரும்பு கொஞ்சம் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் சொல்லாமல் உடையும். அதனால்தான் ஆக்சிலைக் கவ்வி ஃபோர்க் காலோடு பிணைக்கும் டார்க் ஆர்ம் என்ற எஃகுப் பட்டை கட்டாயம். அதை விட்டுவிட்டு நட்டை மட்டும் இறுக்கிக் கொடுப்பவரிடம் வண்டியை விடக் கூடாது.

மடிப்பின் சிக்கல் இந்த ஆக்சிலிலிருந்தே தொடங்குகிறது. மோட்டார் ஆக்சில் சாதாரண ஆக்சிலைவிட நீளம். அதன்மேல் வாஷர், டார்க் ஆர்ம், பெரிய நட்டு எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் துருத்தும். மடக்கும்போது முன்சக்கரத்தின் ஒரு பக்கம் பின்சக்கரத்தைப் பார்த்து வரும். துருத்தல் அந்தப் பக்கம் இருந்தால் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் காந்தங்கள் ஒன்றையொன்று எட்டாது, வண்டி தூக்கியவுடன் வாய் பிளக்கும். தேர்ந்தவர் டார்க் ஆர்மை வெளிப்பக்கம் போடுவார், உட்பக்கத்தில் மெல்லிய நட்டை வைப்பார். மோட்டாரின் ஒயர் ஆக்சிலின் ஒரு முனையிலிருந்து வருகிறது. அதுவும் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். கிளட்ச் ஒரு திசையில் மட்டுமே பிடிப்பதால் மோட்டாரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க முடியாது. எனவே மோட்டாரை வாங்கும் முன்பே வண்டியை மடக்கி, எந்தப் பக்கம் உள்ளே வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சக்கரம் கோப்பது இதில் மிக நுட்பமான கட்டம். மோட்டாரின் விளிம்பு அகலம், ரிம் சிறியது. இடையில் போக்ஸ் கம்பிக்குக் கிடைப்பது மிகக் குறைந்த தூரம். பெரிய சைக்கிளில் செய்வது போலக் கம்பிகளை மூன்று முறை குறுக்காக விட்டால் அவை ரிம்மில் கூர்மையான கோணத்தில் நுழைந்து, மரை தொடங்கும் இடத்தில் வளைந்து, சில மாதங்களில் ஒவ்வொன்றாக முறியும். ஒரு குறுக்கு மட்டும் விட்டால் கம்பி ரிம்மை ஏறக்குறைய நேராகச் சந்திக்கும். தடித்த கம்பி பலமானது என்பதும் தவறான நம்பிக்கை. அளவான 14 கேஜ் கம்பி தேவையான இழுவிசையில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், குழியில் விழுந்தாலும் தளராது. தடித்தது நீளாது, தளர்ந்துவிடும். பெண்டு எடுத்து முடித்தபின் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தி, மறுபடி சுற்றவிட்டுப் பார்க்கும் பழைய சைக்கிள் கடைக்காரரின் கைதான் இங்கே தேவை. மின்சாரம் தெரிந்தவர் பலர் கிடைப்பார்கள், இந்தக் கை அரிது.

பேட்டரி 36 வோல்ட். 18650 என்ற உருளை லித்தியம் செல்களைப் பத்துப் பத்தாக வரிசையில் இணைத்து, அப்படி நான்கு வரிசைகளைச் சேர்த்தால் 10 ஆம்பியர் மணி, அதாவது 360 வாட் மணி கிடைக்கும். மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி அளவு செலவாகும்; 30 கிலோமீட்டருக்கு மேல் நிம்மதியாகப் போகலாம். நிறைக்க அரை யூனிட் மின்சாரம்கூட வேண்டாம். மேற்கே பாபநாசத்தில் இதே ஆற்று நீரைக் கொண்டு 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்குள்ள 8 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழுவீச்சில் ஒரு மணி நேரம் சுழன்றால் இப்படிப்பட்ட பேட்டரிகள் 16,000க்கு மேல் நிறையும்.

அதை எங்கே வைப்பது? பின் கேரியர் எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம், ஆனால் மோசமான இடம். எடை உயரத்தில் பின்னுக்குப் போகிறது, மடக்கிய வண்டி சாய்கிறது, முன்சக்கரம் இன்னும் இலகுவாகிக் கால்வாய்க் கரையின் புழுதியில் சறுக்குகிறது. முன்பக்கம் ஃப்ரேமோடு இணைந்த கொக்கியில் மாட்டும் பையில் வைத்தால் பல சிக்கல்கள் ஒரே நேரத்தில் தீரும். மோட்டார் இருக்கும் சக்கரத்தின் மேலேயே கனம் இறங்குவதால் பிடிமானம் கூடும். மடக்கும் முன் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டால் வண்டியில் கூடுதலாக இருப்பது மோட்டாரின் 2 கிலோ மட்டும். பிராம்ப்டன் நிறுவனம் தன் மின் சைக்கிளில் தேர்ந்ததும் இதே அமைப்புதான்.

ஒயர் இழுப்பதில்தான் ரசிகர்கள் நெடுநேரம் நிற்பார்கள். நடுக்கீலில் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் பூட்டு. மடக்கும்போது பூட்டுப் பக்கம் விரிந்து வெகுதூரம் விலகும், ஆணிப் பக்கம் வளைய மட்டுமே செய்யும். ஒயரை ஆணியை ஒட்டிக் கொண்டுபோனால் சிறு தளர்ச்சி போதும். பூட்டுப் பக்கம் கொண்டுபோனால் பெரிய வளையம் விட வேண்டும், அது முழங்காலில் இடிக்கும், ஒருநாள் கீலுக்குள் நசுங்கும். ஹேண்டில்பார் தண்டின் கீழ்க்கீலிலும் இதே விதி. பேட்டரியும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலரும் முன்பக்கப் பையிலேயே இருந்துவிட்டால் நடுக்கீலைத் தாண்ட வேண்டியது பெடல் சென்சாரின் மெல்லிய ஒயர் ஒன்றுதான். கீலைத் தாண்டும் ஒயர்களின் எண்ணிக்கையைக் குறைத்தவர்தான் இந்த வேலையில் கெட்டிக்காரர்.

ஓட்டும் சுகம் கன்ட்ரோலரின் கையில். மிதிக்கட்டை சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் மலிவானது. கால் அசைந்ததும் உந்தும், நின்றபின் ஒரு நொடி கழித்து நிற்கும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் காலின் பலத்தைப் பெருக்கித் தரும், தனியே ஒரு இயந்திரம் இருப்பது மறந்துபோகும். முதல் வகையிலும் உந்துதல் மெதுவாக ஏறும்படி அமைத்துவிட்டால் குறையில்லை. மின்னோட்டத்தைச் சைன் அலையாகத் தரும் கன்ட்ரோலரில் மோட்டார் கிளம்பும் முரட்டு ஓசை அடங்கிவிடும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் மட்டும் எந்த வண்டியிலும் விடக் கூடாதது.

இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக, மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடுவதாக, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டாததாக, தகுந்த பிரேக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் கொண்டதாக இருக்கும் மிதிவண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. இந்த வரம்பு மடக்கு சைக்கிளின் இயல்புக்கு இயல்பாகவே பொருந்துகிறது. மணிமுத்தாறு அணை வரை இத்தகைய வண்டி தாராளமாகப் போகும். அதற்கு மேல் மாஞ்சோலைக்கு ஏறும் சாலை இந்த மோட்டாருக்கு உரியதன்று; செங்குத்தில் சக்கரம் மெதுவாகும்போது பாதி மின்சாரம் வெப்பமாகி நைலான் பற்களை இளக்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரே தந்திரம்: ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுவது. நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது. கோடையில் பேட்டரியை வெயிலில் வைத்து ஏற்றக் கூடாது. பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பாதிக்குச் சற்று மேலாக நிறைத்து நிழலில் வைத்தால் செல்கள் நீண்ட நாள் உழைக்கும். எப்படிப் பேணினாலும் சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு படிப்படியாகக் குறையும். செல்களை மாற்ற வேண்டிவரும். அந்த நாளுக்காகக் கழற்றிய பழைய முன்சக்கரத்தை டியூபும் டயருமாகப் பரணில் பத்திரப்படுத்துவது வழக்கம். ஃப்ரேமில் ஒரு துளைகூடப் போடாமல், ஒயர்களைக் கட்டுப்பட்டையால் மட்டும் பிணைத்துச் செய்த மாற்றமானால், இரண்டு நட்டுகளைத் தளர்த்திப் பழைய சக்கரத்தை மாட்டிப் புதிய பேட்டரி வரும்வரை அதை வெறும் சைக்கிளாகவே ஓட்டலாம்.