வகை, வயது, பார்வை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் மூன்று பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக ஸினிமாவைப் பங்கு பிரித்தோம். என் பையில் கிடந்த பணம் கட்டும் சலான் ஒன்றின் பின்பக்கத்தில் நண்பர் கோடு போட்டார். சண்டைப் படம், பேய்ப் படம், துப்பறியும் படம், காதல், சிரிப்பு, சரித்திரம், போர், விஞ்ஞானக் கற்பனை, பாட்டுப் படம், குழந்தைகள் படம் என்று பத்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆகச் சிறந்த படம் ஒன்றுதான் இருக்கலாம். கடைக்காரர் பெஞ்சைத் தூக்க வந்தபோது ஏழு வரிசைகள் நிரம்பியிருந்தன. இரண்டு நட்புகள் ஏறக்குறைய முறிந்திருந்தன. பள்ளி ஆசிரியரான மூன்றாவது நண்பர் அதுவரை அதிகம் பேசவில்லை. சலானை வாங்கி வலது ஓரத்தில் இன்னொரு கோடு கிழித்தார். "இதுல ஒவ்வொண்ணுக்கும் என்ன சர்ட்டிபிகேட்டுன்னு எழுதுங்க சார். நம்ம பிள்ளைங்க எதைப் பார்க்கலாம்னு தெரியட்டும்" என்றார்.

எழுதிப் பார்த்தோம். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகள் பார்க்கக் கூடாதவை.

யார் சொன்ன படம் சிறந்தது என்பதை இங்கே தீர்க்கப் போவதில்லை. அந்த இரண்டு கோடுகளைப் பற்றியே எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகை என்ற கோடும் வயது என்ற கோடும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காரணங்களுக்காகப் போட்டவை என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒன்று வியாபாரியுடையது, மற்றது அரசாங்கத்துடையது. ஆனால் இரண்டும் செய்யும் காரியம் ஒன்றே என்று இப்போது படுகிறது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் சௌகரியத்தை இரண்டும் நமக்குத் தருகின்றன. அந்தச் சௌகரியம் நம் விமர்சனத்துக்கும் பழகிவிட்டது.

இரண்டு கோடுகளும் வெளிப்படையாகவே ஒன்றாக இருந்த காலமும் உண்டு. 1932-ல் பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் திகில் படங்களைக் குறிக்க 'எச்' என்ற எழுத்தை ஏற்படுத்தினார்கள். 1937-ல் அது தனிச் சான்றிதழே ஆயிற்று. திகில் என்பது வகையின் பெயர். அதையே வயதின் பெயராகவும் ஆக்கினார்கள். 1951-ல் அது 'எக்ஸ்' என்ற பொதுவான எழுத்துக்குள் மறைந்தது. அதே 1951-ல் இங்கே, தமிழில் முதல் 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் என்று சொல்லப்படும் 'மர்மயோகி' வெளிவந்தது. கே. ராம்நாத் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த அந்தப் படத்துக்கு 'ஏ' வந்தது ரத்தத்துக்காக அல்ல, சதைக்காகவும் அல்ல. ஆவி வருகிறது என்பதற்காக. படத்தைக் கடைசிவரை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆவியே அல்ல. செத்ததாக நினைக்கப்பட்ட ராஜா உயிரோடுதான் இருக்கிறார். இல்லாத பேய்க்கு ஒரு சான்றிதழ்! இதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சான்றிதழ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. திரையில் என்ன தோன்றுகிறது என்பதை அது குறித்துக்கொள்கிறது. அது என்னவாக முடிகிறது என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

வகைக்கு வருவோம். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2008-ல் பத்து வகைகளை வகுத்து ஒவ்வொன்றிலும் பத்துப் படங்களை வரிசைப்படுத்தியது. எங்கள் சலான் அதன் ஏழைத் தம்பி. அதில் மர்மப் படங்களில் முதலிடம் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்கு. 1958-ல் வந்த இந்தப் படத்தை மர்மப் படம் என்று எடுத்துக்கொண்டால், அது தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். மர்மம் என்னவென்று படம் முடிவதற்கு வெகுநேரம் முன்பே ஹிட்ச்காக் நம்மிடம் சொல்லிவிடுகிறார். துப்பறியும் கதை எழுதுகிற எவனும் செய்யத் துணியாத காரியம். அதற்குப் பிறகு மிஞ்சுவது, செத்துப்போன ஒருத்தியின் உருவத்தை உயிரோடிருக்கும் ஒருத்தியின் மீது உடுத்திப் பார்க்கிற ஒருவனின் வெறி. படத்தின் உன்னதம், அதன் வகை தீர்ந்துபோகிற இடத்தில் ஆரம்பமாகிறது. அடுத்து 1960-ல் வந்த 'சைக்கோ' பணத் திருட்டுக் கதையாகத் தொடங்கி, பாதிக்கு முன்பே கதாநாயகியைக் கொன்றுவிடுகிறது. இப்படிப்பட்ட படங்களை வகையின் சிறந்த பிரதிநிதிகள் என்று முதலில் வைப்பது, வீட்டைவிட்டு ஓடிப்போனவனை வம்சத்தின் பெருமை என்று படம் மாட்டுவதைப் போன்றது.

வகுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அகம், புறம் என்றும் ஐந்திணை என்றும் வகுத்துப் பழகிய மரபு நம்முடையது. ஆனால் திணை வகுத்த இலக்கணமே திணை மயக்கத்துக்கும் இடம் வைத்தது. வகுப்பு என்பது அங்கே கவிதையைக் கேட்பதற்கான சுருதி. இங்கே நாம் வகுப்பது கடையில் சாமான் அடுக்குவதற்காக.

இனி வயது. 1949-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இந்தியாவில் 'யு', 'ஏ' என்று இரண்டு பிரிவுகள் வந்தன. 1983-ல் 'யு/ஏ'வும், குறிப்பிட்ட தொழிலினருக்கு மட்டுமான 'எஸ்'ஸும் சேர்ந்தன. தணிக்கை வாரியம் என்ற பெயர் சான்றளிப்பு வாரியம் என்று மாறியதும் அப்போதுதான். 2024-ன் புதிய விதிகளில் யு/ஏ ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று மூன்றாகப் பிரிந்தது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தையையும் பதினைந்து வயதுப் பையனையும் ஒரே எழுத்துக்குள் அடைத்து வைத்திருந்தது மடத்தனம். ஆனாலும் என் தொழில் புத்தி போகவில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. பத்து வயது நிறைந்த குழந்தை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம் என்று 2014-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. என் கௌண்டரில் தன் பணத்தைத் தானே எண்ணி வாங்கிக்கொள்ளும் சிறுமிக்கு, தியேட்டரில் பதின்மூன்று வயது வரை அப்பாவின் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. இரண்டு விதிகளுமே தத்தம் இடத்தில் நியாயமாக இருக்கலாம். வயது என்பது ஒரு மனிதருக்குள் ஒரே உயரத்தில் வளர்வதில்லை என்பதையே இது காட்டுகிறது.

இந்த எழுத்துக்களுக்கு இங்கே பண மதிப்பும் உண்டு. 2011-ல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்குக்கு 'யு' சான்றிதழை ஒரு நிபந்தனையாக்கியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரியின் உருவம் மாறும் வரை, குழந்தைகளைக் காப்பாற்ற ஏற்பட்ட எழுத்து தயாரிப்பாளரின் லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. 'யு' வாங்குவதற்காக வெட்டினார்கள். என்ன வெட்டினார்கள்? ஒரு வசைச் சொல், இத்தனை வினாடி ரத்தம், இத்தனை வினாடி இடுப்பு. கதாநாயகன் தன்னை விரும்பாத பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்வதும், அவள் கடைசியில் இணங்குவதும், ஏழையும் கறுப்பனும் குண்டனும் சிரிப்புக்காக அடிபடுவதும் வினாடிக் கணக்கில் வெட்டக் கூடியவை அல்ல; அவை படம் முழுவதும் பரவியிருப்பவை. அதனால் அவை 'யு'வோடு வீட்டுக்கு வந்தன. பத்திரிகையில் விமர்சகர் கடைசி வரியாக எழுதினார்: 'குடும்பத்தோடு பார்க்கலாம்.' இதுதான் நம்முடைய சொந்தச் சான்றிதழ் முறை. இந்த ஒரு வாக்கியம் நம் ஸினிமா விமர்சனத்துக்குச் செய்த தீங்கை எந்தத் தணிக்கை அதிகாரியும் செய்ததில்லை. பணத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதற்கு, 2025-ல் 'கூலி' படத்துக்கு 'ஏ' கிடைத்ததும் அதன் தயாரிப்பாளர்கள் யு/ஏ கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனது சாட்சி. மனு தள்ளுபடியாயிற்று. படம் நல்லதா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. எழ வேண்டிய இடமும் அது அல்ல.

அந்தக் கேள்வியின் ஓரத்தை ஒருமுறை நீதிமன்றமே தொட்டிருக்கிறது. கே.ஏ. அப்பாஸ் 1968-ல் நான்கு நகரங்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், டெல்லியோடு நம் சென்னையும் அதில் உண்டு. பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவைக் காட்டியதற்காக வாரியம் 'ஏ' என்றது. அப்பாஸ் 'யு' கேட்டு உச்சநீதிமன்றம் போனார். 1970-ல் நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பு முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. அந்த வகையில் அப்பாஸுக்குத் தோல்வி. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. பாலியல் வன்முறையோ நோயோ ஒழுக்கக் கேடோ படத்தில் இருக்கிறது என்பதல்ல, அது எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்பதே கத்திரிக்கோல் பார்க்க வேண்டியது என்றது. 1996-ல் 'பாண்டிட் குவீன்' வழக்கிலும் உச்சநீதிமன்றம் இந்தத் தடத்தில்தான் போயிற்று. அந்தப் பெண்ணை ஊர் நடுவில் நிர்வாணப்படுத்தும் காட்சி இச்சையைத் தூண்டவில்லை, அருவருப்பையும் இரக்கத்தையும் எழுப்புகிறது என்று கண்டு, 'ஏ' சான்றிதழோடு படத்தை அனுமதித்தது.

எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது? இது தணிக்கையின் பாஷையல்ல, விமர்சனத்தின் பாஷை. நீதிபதிகள் நம் வேலையைச் செய்திருக்கிறார்கள். நாம் அவர்களுடைய குமாஸ்தா வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம். குமாஸ்தா என்ற வார்த்தையை இழிவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அதில்தான் சாப்பிடுகிறேன். செக்கில் உள்ள கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்பதே என் அக்கறை. அந்தப் பணம் மருந்துக்கா, சூதாட்டத்துக்கா என்று நான் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பற்றி எழுதும்போதும் நான் கையெழுத்தையே சரிபார்த்துக்கொண்டிருந்தால், எழுதுவதற்கு அவசியமில்லை.

இனி என் வீட்டு விஷயம். சில வருஷங்களுக்கு முன் என் மகளை ஒரு பெரிய நடிகரின் யு/ஏ படத்துக்கு அழைத்துப்போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. வாசலில் டிக்கெட்டைக் கிழித்தவர் அவளைப் பார்க்கவே இல்லை. விதிப்படி வழிகாட்ட வேண்டியவன் நான், பக்கத்தில் நின்றேன். ஓர் இடத்தில் ஒருவன் தலை துண்டாகிறது. தியேட்டர் முழுக்க விசில். அவளும் கைதட்டிச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இந்த வருஷம் கோடை விடுமுறையில் அவளுக்கு 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டுக் காட்டினேன். 1948-ல் டி சிகா எடுத்தது; 'சைட் அண்ட் சவுண்ட்' 1952-ல் முதன்முதலாக விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது முதலிடத்தில் வந்த படம். அந்த இடம் பிறகு 'சிட்டிஸன் கேன்', 'வெர்டிகோ' என்று கைமாறி 2022-ல் 'ழான் டீல்மா'னிடம் வந்திருக்கிறது. வரிசைகளின் ஆயுள் அவ்வளவுதான். 'பைசைக்கிள் தீவ்ஸி'ல் ரத்தமில்லை. வெட்ட வேண்டிய ஒரு வினாடியும் என் கண்ணில் படவில்லை. குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று சொல்ல அதில் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், சைக்கிளைப் பறிகொடுத்த அப்பா தானே ஒரு சைக்கிளைத் திருடி, பிடிபட்டு, மகன் கண்ணெதிரே அறை வாங்குகிறான். பையன் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் பார்த்துட்டான்ல, அப்பா?" என்றாள். மறுபடி, "பார்க்காம இருந்திருக்கலாம்ல?" நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவள் வெகுநேரம் விழித்திருந்தாள்.

இரண்டு படங்களில் எது என் மகளுக்கு ஊறு செய்தது? எண்ணிப் பார்க்கும் கணக்கில் முதல் படம். அழுகையை அளந்தால் இரண்டாவது. என் அபிப்பிராயத்தில் ஊறு நேர்ந்தது அவள் சிரித்த அன்று. அழுத அன்று, இன்னொரு மனிதனின் அவமானத்துக்குத் தன்னையும் சாட்சியாக ஆக்கிக்கொண்டாள். அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. இதை நிரூபிக்க என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை. ஆனால் விமர்சனம் என்று ஒன்று இருக்குமானால் அது இப்படிப்பட்ட, அளவுகோல் இல்லாத இடத்தில் நின்றுதான் பேச வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். சலான் இன்னும் வகைக்காரரின் பையில்தான் இருந்தது. பத்து வரிசையிலும் 'பைசைக்கிள் தீவ்ஸி'ற்கு இடமில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். "பதினொண்ணாவது வரிசை ஒண்ணு போடுவோம்" என்று அவர் பேனாவை எடுத்தார். தலைப்பு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தார். ஆசிரியர் நண்பர் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரி சார். உங்க பொண்ணு ராத்திரி தூங்காம கிடந்ததுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான்" என்றேன்.