ஸ்டீவன் கிங்கின் திகில் நாவல்கள்

ஸ்டீவன் கிங் (பிறப்பு: செப்டம்பர் 21, 1947) அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த நாவலாசிரியர். திகில், இருண்ட மிகுபுனைவு ஆகிய வகைமைகளில் உலகெங்கும் வாசிக்கப்படுபவர். பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். முதலில் வெளிவந்த நாவல் 'கேரி' (1974).

அச்சத்தின் ஊற்று

கிங்கின் சிறந்த நாவல்களில் பேய் வருவதற்கு முன்பே வீட்டில் விரிசல் விழுந்துவிடுகிறது. கேரியைச் சக மாணவிகள் கேலி செய்கிறார்கள். தாயின் மதவெறி வீட்டிலும் அவளை வதைக்கிறது. மனத்தால் பொருட்களை அசைக்கும் அவளது ஆற்றலை நீக்கிவிட்டு வாசித்தாலும் அவளுடைய துயரம் குறைவதில்லை.

'தி ஷைனிங்' (1977) நாவலின் ஜாக் டாரன்ஸ், மாணவன் ஒருவனைத் தாக்கியதால் ஆசிரியர் வேலையை இழந்தவர். முன்பு குடிபோதையில் மகனின் கையை முறித்தவர். பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும் மலை விடுதியைப் பராமரிக்கக் குடும்பத்துடன் செல்கிறார். அங்குள்ள தீய சக்தி அவரிடம் புதிதாக எதையும் விதைப்பதில்லை; ஏற்கெனவே இருந்த சினத்துக்கு நீர் வார்க்கிறது. இந்நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-ல் திரைப்படமாக்கினார். கிங்குக்கு அது உவப்பாக இல்லை. நாவலில் ஜாக் ஒரு கணம் தன்னை மீட்டுக்கொண்டு மகனைத் தப்பி ஓடச் சொல்கிறார். படத்தில் அந்தக் கணம் இல்லை. அந்தக் கணத்துக்காகவே நாவலைத் தனியாக வாசிக்க வேண்டும்.

'பெட் செமட்டரி' (1983) இவற்றுள் தலைசிறந்தது. மருத்துவரான லூயிஸ் க்ரீட் தன் சிறு மகனை லாரி விபத்தில் பறிகொடுக்கிறார். புதைத்த உயிரைத் திருப்பித் தரும் நிலம் ஒன்று காட்டுக்குள் இருக்கிறது. திரும்பி வருவது பழைய உயிரல்ல என்பதை மகளின் பூனையைக் கொண்டு அவர் அறிந்திருக்கிறார். அறிந்தும் மகனைத் தூக்கிச் செல்கிறார். அவர் போகக்கூடாது என்று எண்ணும் வாசகருக்கே, போனால்தான் என்ன என்றும் தோன்றுகிறது. உண்மையான திகில் அங்கேதான் பிறக்கிறது.

குறைகள்

சொற்சிக்கனம் கிங்கிடம் இல்லை. 'இட்' (1986) 1100 பக்கங்களைத் தாண்டுகிறது. ஏழு சிறார்களின் நட்பைச் சொல்லும் பகுதிகள் மனத்தில் நிற்கின்றன. அவர்கள் அஞ்சிய தீமை இறுதியில் ராட்சதச் சிலந்தியாகத் தோன்றும்போது அச்சம் சுருங்கிவிடுகிறது. 'பெட் செமட்டரி' பழங்குடியினரின் புதைநிலத்தைக் கதைக்கான வசதியாக மட்டுமே பயன்படுத்துகிறது. அந்த மக்கள் கதைமாந்தர்களாக வருவதில்லை. 1982 முதல் 2004 வரை ஏழு பாகங்களாக வந்த 'தி டார்க் டவர்' மிகுபுனைவு வரிசையில் ஆசிரியரே பாத்திரமாக நுழைவது, கட்டியெழுப்பிய உலகின் மீதான நம்பிக்கையைத் தளர்த்துகிறது.

மதிப்பீடு

2003-ல் அமெரிக்க நேஷனல் புக் பவுண்டேஷன் கிங்குக்குச் சிறப்புப் பதக்கம் வழங்கியபோது விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கடுமையாக எதிர்த்தார். கிங்கின் நடையில் குறை காண்பது எளிது. ஆனால் இழப்பும் குற்றவுணர்வும் மனிதரை எதுவரை கொண்டுசெல்லும் என்று எழுதியவரை வகைமையின் பெயரால் ஒதுக்குவது நேர்மையான விமர்சனம் ஆகாது.

புதிய வாசகர் 'பெட் செமட்டரி'யிலிருந்து தொடங்கலாம். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள் மட்டும் அதைச் சில காலம் தள்ளி வைப்பது நல்லது.