தடை நாளின் அருவி

குற்றாலம் பேரருவியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். பாறை கரியாக இருக்கும், தண்ணீர் பஞ்சுபோல இறங்கும், ஆள் இருக்காது. கீழே 'ஃபைன் ஆர்ட்' என்று போட்டிருக்கும். அவை அழகான படங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. அந்த ஆட்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தண்ணீர் நன்றாக விழுகிற நாளில் பேரருவியில் கூட்டம் இல்லாத நேரம் லேசில் வாய்க்காது. தண்ணீர் வற்றிய மாசத்தில் ஆள் இருக்காது, ஆனால் அருவியும் இருக்காது. ஆளில்லாத அருவியை எடுக்க ரெண்டு வழி உண்டு. ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை லென்ஸ் முன்னால் மாட்டி, ஷட்டரை ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் திறந்துவைக்கலாம். நடமாடுகிறவர்கள் பதியாமல் கரைந்துபோவார்கள். ஆனால் அருவிக்கு அடியில் இடம் பிடித்தவன் லேசில் நகருவானா? விட்டால் அடுத்தவன் வந்துவிடுவானே. அவன் ஒரு கறையாகப் படத்தில் விழுவான். ஆகவே ரெண்டாவது வழி: குளிக்கத் தடை போட்ட நாளில் போவது. "தடை போட்டாத்தான் அண்ணாச்சி நமக்கு நல்லது" என்று படம் எடுக்கிற தம்பி ஒருவர் என்னிடம் சந்தோஷமாகவே சொன்னார்.

தடை நாள் என்றால் மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கிறது என்று அர்த்தம். பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வருகிற தண்ணீர் அன்றைக்குச் செம்மண் கலங்கலாக, டீ நிறத்தில் இருக்கும். கறுப்பு வெள்ளை தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். தென்காசிப் பக்கம் உட்கார்ந்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். இதன் கணக்கு எனக்குப் பழக்கம். வண்ணப் படத்தைச் சாம்பலாக்க டி.வி. தொழில்நுட்பத்திலிருந்து வந்த சூத்திரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 எடுத்துக் கூட்டினால் சாம்பல் கிடைத்துவிடும். இந்த விகிதத்தைப் படக்காரர் தன் இஷ்டத்துக்குத் திருகலாம். சிவப்பை ஏற்றினால் கலங்கல் வெளுத்துப் பாலாகிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அந்த மாதிரித் தண்ணீரை வெளுத்து, தியானத்துக்குரிய காட்சியாக ஃபிரேம் போட்டு மாட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

இதே திருகுதான் நம் தோலின் மேலும் வேலை செய்கிறது. மாநிறத் தோல் சிவப்பு ஒளியை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் திருப்பி அனுப்பும். சிவப்பை ஏற்றினால் ஆள் வெளுப்பான், நீலத்தை ஏற்றினால் கரியாவான். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாக விழுந்ததும், முகம் உள்ளதைவிடக் கறுத்ததும் இதனால்தான். ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் தீற்றி அதை வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். இன்றைய ஃபைன் ஆர்ட்காரர் தலைகீழ். தென்காசிக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கண்டால் போதும்; நீலத்தை ஏற்றி, 'கிளாரிட்டி'யை ஏற்றி, முகச் சுருக்கத்தில் வாய்க்கால் வெட்டிவிடுவார். தலைப்பு 'காலம்' என்றிருக்கும். பாட்டியின் பேரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் கறுப்பு வெள்ளையே வேண்டாமா? ரகுபீர் சிங் கிட்டத்தட்ட அப்படித்தான் வாதாடினார். 1998-ல் வந்த 'ரிவர் ஆஃப் கலர்' புத்தகத்தின் கட்டுரையில், கறுப்பு என்பது மேற்கின் குற்றவுணர்வோடும் சாவோடும் ஒட்டியது, இந்தியக் கண் வண்ணத்தில்தான் பார்க்கிறது என்றார். குற்றாலத்திலேயே அவருக்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது: சித்திர சபை. அங்கே நடராசரே சுவரில் வண்ண ஓவியமாகத்தான் ஆடுகிறார். இருந்தாலும் அந்த வாதம் தமிழ்க் காதுக்கு முழுசாக ஒட்டவில்லை. கார் என்றால் நமக்கு மேகம், மழை, பருவம். மாயோன் கறுப்பு. ஊர் எல்லையில் அரிவாளோடு காவல் நிற்கிறவருக்குப் பேரே கருப்பசாமி. இந்தக் கறுப்பில் சாவையும் குற்றவுணர்வையும் எங்கே போய்த் தேடுவது?

கறுப்பு வெள்ளைக்கு ஆதரவாக நான் முன்வைப்பது புதுவை இளவேனில் எடுத்த கி.ரா. படங்களை. கி. ராஜநாராயணன் இடைசெவல்காரர், கரிசல் ஆள், ரசிகமணி டி.கே.சி.யைத் தேடி இதே குற்றாலத்துக்கு வந்துபோனவர். 2021-ல் புதுச்சேரியில் மறைந்தார். இளவேனில் அவரோடு வருஷக்கணக்கில் பழகி எடுத்த படங்கள் அவை. சுருக்கம், நரை எல்லாம் அவற்றிலும் உண்டு, ஒளித்துவைக்கவில்லை. ஆனால் நம் கண் முதலில் போய் நிற்பது கி.ரா.வின் பார்வையில், சுருக்கத்தை அப்புறம்தான் கவனிக்கிறோம். வண்ணம் போனதும் சட்டையும் சுவரும் பின்னால் ஒதுங்கி, ஆள் முன்னால் வந்துவிடுகிறார். அருவிப் படக்காரர்கள் ஆளைத் துடைக்க எதைப் பயன்படுத்தினார்களோ, அதே சாம்பல்தான் இங்கே ஆளைக் கொண்டுவந்து உட்கார்த்துகிறது. பழக்கம் என்று ஒன்று நடுவில் இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பேரருவியையும் அப்படி எடுக்க முடியும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் பால்மாதிரி இருக்காது, சரளைக்கல் கொட்டுகிறமாதிரி விழும். அதற்கு அடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வாய்விட்டுக் கத்திக்கொண்டு, தோளோடு தோள் இடிக்கும் ஆம்பிளைகள். (பெண்கள் பக்கம் காமிராவைத் திருப்பக் கூடாது, இந்தப் பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.) நனைந்த கறுப்பு முதுகில் சாரல் வெளிச்சம் வழுக்கி இறங்குவதை வண்ணத்தில் எடுத்தால் ஜட்டியும் துண்டும்தான் முதலில் கண்ணில் படும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்த முதுகு தெரியும். லென்ஸ் நனையும், அவ்வளவுதான். துடைக்க ஒரு துண்டு கொண்டுபோனால் போதும்.