20-ம் 20-ம் சமமா?

போன வருஷம் அக்காவின் மேமோகிராம் ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 0" என்று இருந்தது. அத்தான் பார்த்துவிட்டு, "ஜீரோதானே, ஒண்ணுமில்ல" என்று பீரோவில் வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. புரோகிராம் எழுதுகிறவனுக்குத் தெரியும்: மதிப்பு பூஜ்ஜியம் என்பது வேறு, மதிப்பே நிரப்பப்படவில்லை என்பது வேறு. பைராட்ஸ் 0 இரண்டாவது வகை. 'இதை வைத்து முடிவு சொல்ல முடியாது, மேற்கொண்டு படம் எடுங்கள்' என்று அர்த்தம். அல்ட்ராசவுண்டில் அது வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. தப்பித்தோம்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "முதல்லயே இதை எடுத்திருக்கலாமேடா? ரெண்டுல எது பெட்டர்?"

அதற்குப் பதில் தேடித்தான் 2008-ல் 'ஜாமா' இதழில் வந்த ஆக்ரின் 6666 ஆய்வைப் படித்தேன். மார்பகத் திசு அடர்த்தியாகவும், புற்றுநோய் அபாயம் சராசரியைவிடக் கூடுதலாகவும் உள்ள 2,637 பெண்களின் கணக்கு அது. எல்லோருக்கும் இரண்டு பரிசோதனையும் உண்டு. ஒன்றைப் பார்க்கும் டாக்டருக்கு மற்றதன் முடிவு தெரியாது. 40 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது. அதில் மேமோகிராம் சந்தேகப்பட்டது 20 பேரை. அல்ட்ராசவுண்டும் 20 பேரை.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் டிரா. ஆனால் இரண்டிலும் சிக்கியவர்கள் 8 பேர்தான். மேமோகிராமில் மட்டும் 12, அல்ட்ராசவுண்டில் மட்டும் 12. இரண்டிலும் சிக்காதவர்கள் 8 பேர்.

காரணம் எளிது. மேமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்று மற்றதை மறைத்துவிடும். அல்ட்ராசவுண்டில் அந்தச் சிக்கல் குறைவு. நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்றும் பிரித்துக் காட்டும். ஆனால் ஆரம்பநிலைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பொடிப்பொடியான கால்சியத் துகள்களைப் பிடிப்பதில் மேமோகிராம்தான் கில்லாடி.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, அல்ட்ராசவுண்ட் சேர்த்தால் ஆயிரத்துக்கு 4.2 பேர் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பது. சரிதான், ஆனால் பாதிக் கதை. மேமோகிராம் மட்டும் என்றால் 84 பேருக்கு பயாப்சி பரிந்துரை, அதில் 19 பேருக்குப் புற்றுநோய். இரண்டும் சேர்ந்தால் பரிந்துரை 276 பேருக்கு, புற்றுநோய் 31 பேருக்கு. மீதிப் பேர் ஊசி குத்திக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை தூக்கம் கெட்டவர்கள். அந்தத் தூக்கத்துக்கு எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் கட்டமில்லை.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. இந்த ஆய்வு கண்டுபிடித்ததை எண்ணுகிறது. அதனால் யாருக்கு என்ன பலன் என்று சொல்வதில்லை. 2019-ல் நெதர்லாந்தின் 'டென்ஸ்' ஆய்வு இதைவிட நல்ல அளவுகோலை எடுத்தது: ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே தலைகாட்டும் புற்றுநோய்கள். மிக அடர்த்தியான மார்பகம், மேமோகிராமில் கோளாறில்லை என்றிருந்த பெண்களில், எம்ஆர்ஐ-க்கு அழைக்கப்பட்ட குழுவில் அது ஆயிரத்துக்கு 2.5. அழைக்கப்படாத குழுவில் 5.0. அழைக்கப்பட்டவர்களில் சுமார் 59 சதவீதம் பேர்தான் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன்: "எது பெட்டர்னு கேக்காத. இது எதைத் தவறவிடும், அதைப் பிடிக்க அடுத்து என்னன்னு டாக்டர்கிட்ட கேளு."

"அதை உங்க அத்தான்கிட்டயும் சொல்லு" என்றாள்.