செவ்வந்திக்கல்லுக்கு ‘அன்ட்ரீட்டட்’ பட்டம் எதற்கு?

கோவளம் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஸ்படிக மாலையும் குவார்ட்ஸ்தான். மோதிரத்திலும் தோட்டிலும் வைக்கிற ஊதா நிற அமெதிஸ்ட், அதாவது நம்ம செவ்வந்திக்கல், அதுவும் அதே குவார்ட்ஸ்தான். படிகத்துக்குள் துளியூண்டு இரும்பு சேர்ந்து, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டதால் வந்த நிறம் அந்த ஊதா.

இந்தக் கல்லை விற்கும்போது அடிக்கடி காதில் விழுகிற வாசகம்: “நேச்சுரல், அன்ட்ரீட்டட்”. இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். கேட்பவர் மனதில் ரெண்டும் சேர்ந்து ‘சுத்தமான கல்’ என்று பதிந்துவிடும். ஆனால் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள். அமெதிஸ்டைப் பொறுத்தவரை முதல் சொல்லில்தான் உங்கள் பணம் இருக்கிறது. இரண்டாவது சொல் பெரும்பாலும் அலங்காரம்.

‘அன்ட்ரீட்டட்’ என்கிற பெருமை மாணிக்கத்திடமும் நீலத்திடமும் இருந்து கடன் வாங்கியது. அந்தக் கற்களைச் சூடேற்றினால் நிறமும் தெளிவும் கூடும். அதனால் சந்தைக்கு வருகிற பெரும்பாலானவை சூடேற்றியவை. சூடு படாமலே நன்றாக இருக்கிற கல் அபூர்வம், விலையும் பல மடங்கு. நியாயமான கணக்கு.

அமெதிஸ்ட் கதை தலைகீழ். 400, 500 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ பழுப்போ ஆகிவிடும். கடைகளில் சிட்ரின் என்று விற்கிற மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை இப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான். வெளிறிய கல்லைச் சூட்டால் அடர் ஊதா ஆக்க முடியாது. அளவுக்கு மீறிக் கறுத்த கல்லைக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம், பழுப்புச் சாயலை எடுக்கலாம், அவ்வளவுதான். அப்படி லேசாகச் சூடு காட்டியதைப் பிறகு கண்டுபிடிப்பதும் பொதுவாக முடியாத காரியம். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்கிற ஒரு சொல்லுக்கு எதற்குங்க கூடுதல் காசு?

‘சூடு காட்டினாலே போலி’ என்கிற நினைப்பும் நம் மண்ணின் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஈரோடு மாவட்டம் சென்னிமலை பக்கம், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் அங்கே மணி செய்யும் தொழில் நடந்த தடயங்கள் கிடைத்தன: நீலம், பச்சைக்கல், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம். பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோவளத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் புதுச்சேரியை ஒட்டி அரிக்கமேடு, 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். அங்கேயும் செவ்வந்திக்கல் மணிகள் உண்டு. இந்தியாவின் பழைய மணித் தொழிலில் சூதுபவளத்தைச் சுட்டுச் சிவப்பேற்றுவது சாதாரண வேலை. அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. சூடு காட்டியதை மறைத்து விற்றால்தான் மோசடி.

அந்தக் கைவினைஞர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது: ஆய்வகத்தில் வளர்த்த அமெதிஸ்ட். 1970களிலிருந்து வணிக அளவில் வருகிறது. மூடிய அழுத்தக் கலனில், சூடான கரைசலில் குவார்ட்ஸை வளர்த்து, கதிர்வீச்சு கொடுத்து ஊதாவாக்குகிறார்கள். அதே வேதிப்பொருள், அதே கடினம் (மோ அளவில் 7), அதே அடர்த்தி (2.65), அதே ஒளிவிலகல். “தொட்டா சில்லுன்னு இருக்கும்”, “கண்ணாடியைக் கீறும்” என்று சொல்கிற சோதனைகள் கண்ணாடிப் போலியைப் பிடிக்கும். வளர்த்த கல் இரண்டிலும் ஜம்மென்று பாஸாகிவிடும். உள்ளே குறை இல்லை என்பதை வைத்தும் முடிவுகட்ட முடியாது. இயற்கை அமெதிஸ்டே பெரிதாகவும் தெளிவாகவும் தாராளமாகக் கிடைக்கிறது. பிரேசில், உருகுவே சுரங்கங்கள் 19-ஆம் நூற்றாண்டில் திறந்த பிறகுதான் இந்தக் கல்லின் பழைய ராஜ விலை இறங்கியது.

ஆய்வகத்தில் துருவமாக்கிய ஒளியில் கல்லைப் பார்ப்பார்கள். இயற்கைக் கல்லில் இரட்டைப் படிக வளர்ச்சியின் கோலம் பெரும்பாலும் தெரியும். வளர்த்த கற்கள் சிலவற்றிலும் அது வருவதால், சந்தேகம் இருந்தால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை. ஜெய்ப்பூரில் 1972-ல் தொடங்கிய ரத்தினப் பரிசோதனைக் கூடம் போன்ற இடங்களில் இதற்கு வசதி உண்டு. சின்னக் கல் என்றால் கட்டணம் கல் விலையையே தாண்டலாம் என்பதும் உண்மை.

அப்போ என்ன செய்யலாம்?

பெரிய கல், நல்ல விலை என்றால் ரிப்போர்ட் கேளுங்கள். அதில் ‘இயற்கை’ என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கல் என்றால் பில்லில் “இயற்கை அமெதிஸ்ட்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

ஹால்மார்க்கை நம்பிக் கல்லை வாங்காதீர்கள். ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி தங்கத்தின் தரத்துக்குத்தான். கல்லைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. 5 காரட் கல் 1 கிராம் எடை. கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அமெதிஸ்ட் நகையில் ஒருவர் உண்மையாகவே பணம் இழக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

கல்லைக் கட்டுவதற்கு முன், தனியாக, வெள்ளைத் தாளின் மேல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் பட்டை பட்டையாகத் திரண்டிருக்கும், அது இயல்பு. மேலிருந்து பார்க்கும்போது நடுவில் வெளுத்துத் தெரியாமல் பட்டை தீட்டியிருந்தால் போதும். பின்பக்கம் தகடு வைத்து மூடிய வேலைப்பாட்டில் நிறம் கல்லுடையதா தகடுடையதா என்று தெரியாது.

கடைசியாக, கடலோரம் வாழ்கிறவர்களுக்கு: மணலும் கல்லும் ஒரே கடினம். தினம் மணல் படுகிற கையில் மோதிரக் கல்லின் பட்டை முனைகள் மழுங்கும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் சில கற்களின் நிறமும் வெளுக்கும். அதனால் செவ்வந்திக்கல்லுக்கு மோதிரத்தைவிடத் தோடும் பதக்கமும் நல்ல இடம்.