ஊதினால் ஒலி திருந்துமா?

நான்கு வயது தாண்டியும் காக்காவைத் ‘தாத்தா’ என்றும், கடையைத் ‘தடை’ என்றும் சொல்லும் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விசில்தான். சோப்புக் குமிழி ஊது, நாக்கால் மூக்கைத் தொடு, கன்னத்தை உப்பிக் காட்டு என்று பயிற்சி நீளும். 2008இல் வெளியான லாஃப், வாட்சன் ஆய்வில், அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர்களில் 85 விழுக்காட்டினர் இத்தகைய வாய்ப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நம் ஊர்ப் பயிற்சி மையங்களுக்கும் இவை புதியவையல்ல.

இதன் அடியில் இருப்பது, நாக்கு பலவீனமாக இருப்பதால்தான் ஒலி பிறழ்கிறது என்ற நம்பிக்கை. ஆனால் முறுக்கைக் கடித்துத் தின்கிற குழந்தையின் நாக்குக்கு வலு போதாதென்று எப்படிச் சொல்வது? பேச்சு, நாக்கின் முழு வலுவில் சிறு பங்கையே கேட்கிறது. அதற்கு வேண்டியது விரைவும் இடத் துல்லியமும். ஒரே தசையை ஊதுவதற்கு மூளை இயக்கும் விதமும் பேசுவதற்கு இயக்கும் விதமும் வேறுவேறு. தமிழின் எந்த எழுத்தும் ஊதிப் பிறப்பதில்லை. 2015இல் ஆலிஸ் லீயும் ஃபியோனா கிப்பனும் செய்த காக்ரேன் மீளாய்வில், தகுதியான ஆய்வுகள் மூன்றே தேறின. அவற்றிலும் குழந்தைகள் மிகச் சிலரே. பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. சான்று குறைவு என்பதாலேயே பயனில்லை என்று ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் ஒரு குழந்தையின் மாதங்களை எடுத்துக்கொள்ளும் முறைதான் தன் பயனை நிறுவ வேண்டும்.

அப்படியானால் எது உதவும்? க, த இரண்டும் வேறு ஒலிகள், மாறினால் பொருளும் மாறும் என்பதைக் குழந்தையின் மனம் பிடிக்க வேண்டும். காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் எதிரே வைத்து, குழந்தை காக்காவைக் கேட்க நினைத்துத் ‘தாத்தா’ என்றால் தாத்தா படத்தையே எடுத்துக் கொடுங்கள். தான் கேட்டது வரவில்லை என்று தெரிந்ததும் அது வேறுவிதமாகச் சொல்லிப் பார்க்கும். 1981இல் வைனர் இரண்டு குழந்தைகளிடம் சோதித்த இந்த முறை, பின்னர் பல ஆய்வுகளில் வலுப்பெற்றது.

“ஊதப் பழகிய பிறகு எங்கள் பிள்ளை தெளிவாகப் பேசுகிறதே” என்பார்கள் பெற்றோர். அவர்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் 27 மொழிகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் குழந்தைகளுக்கு வந்துவிடுகின்றன. வயதால் வந்த மாற்றம் விசிலின் கணக்கில் சேர்ந்திருக்கலாம். மூளை முடக்குவாதத்தால் தசை தளர்ந்த குழந்தையின் தேவை வேறு. அதை இதோடு குழப்பக் கூடாது. வாயைக் கவனிக்கும் எதுவுமே வீண் என்பதல்ல: கண்ணாடியில் நாக்கு நிற்கும் இடத்தைக் காட்டி ஒலியைச் சொல்லவைப்பது பேச்சுப் பயிற்சியேதான். கூச்சப்படும் பிள்ளையைப் பழக்கிக்கொள்ளக் குமிழி ஊதுவதும் நல்ல வழி, ஐந்து நிமிடத்துக்கு. பெற்றோர் முதலில் பிள்ளையின் காதைச் சோதித்துவிட வேண்டும். நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் ஒலி வேறுபாடே சரியாகக் கேட்காது. பிறகு ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் பயிற்சியாளரிடம் கேட்கலாம்: இன்று எந்த ஒலி, எந்தச் சொற்கள், பிள்ளை அவற்றை எத்தனை முறை சொன்னது?