மறைந்த தொடரொன்றை இனங்காணல்

1953 இல் பி.பி.சி. நேரடியாக ஒளிபரப்பிய 'குவேற்றர்மாஸ் பரிசோதனை' ஆறே பகுதிகளைக் கொண்ட தொடர். முதலிரு பகுதிகளே இன்று பதிவாக எஞ்சியுள்ளன. எனவே, இளமையில் அதனைக் கண்டதாகக் கூறுவோரின் மங்கிய நினைவு தொடருக்குரியதா, 1955 இல் வெளிவந்த திரைப்படத்துக்குரியதா என்னும் வினா எழுகின்றது.

இதனைத் தீர்க்கவல்லது முடிவே. விண்வெளி சென்று மீண்டவன் கொடிய உயிராக மாறி, வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்துள் புகுவது இரண்டுக்கும் பொது. திரைப்படத்தில் மின்சாரம் அதனைக் கொல்கின்றது. 1959 இல் நூலாக வெளிவந்த தொடரின் எழுத்துப்பிரதியிலோ, அதனுள் அமிழ்ந்த மூவரின் மனிதவுணர்வை நோக்கி விஞ்ஞானி மன்றாட, அது தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது. நைஜல் நீலின் படைப்புக்கு உயிர் இம்மன்றாட்டமே.

கதைச்சுருக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், கருத்தே வேறுபடுத்தும். ஆகவே, இழந்த படைப்பொன்றை இனங்காணுதலும் திறனாய்வின் பணியே எனலாம்.